347க்கு ஒரு ஓட்டு

"இந்தத் தடவை நீதான் போய்ப் போடணும்" என்று ரிம்மா சொன்னபோது வதீம் லுக்கிச் முட்டைக்கோஸ் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரிம்மா நெசவாலையில் இருபத்தெட்டு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றவள். அவள் மெதுவாகப் பேசினாலே கீழே மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும்.

"எங்க போய் எதைப் போடணும்?" என்றார், தெரிந்துகொண்டே.

"ஓட்டு. வர்ற ஞாயித்துக்கிழமை நகரசபைத் தேர்தல். இந்த வாரம் பூரா முன்கூட்டியே போய்ப் போடலாமாம். என்னோட ஓட்டைப் புடுங்கிட்டாங்க. உனக்கு இந்த ஒரு தடவை விட்டு வச்சிருக்காங்க. அடுத்த தேர்தல்ல உனக்கும் கிடையாது."

"எனக்கு முதல் தடவையும் வேண்டாம், கடைசித் தடவையும் வேண்டாம். ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு."

ரொட்டியைத் தள்ளினாள். கொஞ்சம் வேகமாகவே தள்ளினாள்.

அந்த வீட்டில் இரண்டு பேர், இரண்டு நிறம். ரிம்மாவிடம் இருப்பது சிவப்பு பாஸ்போர்ட், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ரஷ்யாவினுடையது. வதீமிடம் இருப்பது சாம்பல் நிறம், எந்த நாட்டினுடையதும் இல்லை. அதை அச்சடித்துக் கொடுப்பது இவர்கள் இருக்கிற எஸ்தோனியாதான், ஆனால் இவர் எங்கள் ஆள் என்று அதில் எங்கேயும் இருக்காது. குடியுரிமை என்ற இடத்தில் 'தீர்மானிக்கப்படாதது' என்று போட்டிருக்கும். "முப்பத்துமூணு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்காங்க, பாவம். நாம அவசரப்படுத்தக் கூடாது" என்பார் வதீம். இந்த வேடிக்கையை அவர் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் சிரிப்பதற்கு அவர்கூடப் பாக்கி இல்லை.

அவர் இந்த நார்வா ஊரிலேயே பிறந்தவர். போர் முடிந்து ஊரே கல்லும் மண்ணுமாகக் கிடந்தபோது அதை அள்ள வந்தவர் அவருடைய அப்பா. அள்ளிய இடத்தில் செங்கல் அடுக்கியவள் அம்மா. வதீமுக்கு முப்பத்தைந்து வயது நடக்கும்போது பழைய தேசம் போய்ப் புதிய தேசமாக எஸ்தோனியா வந்தது. போருக்கு முன்னால் இங்கே இருந்தவர்களின் வாரிசுகள் மட்டும்தான் குடிமக்கள், மற்றவர்கள் எஸ்தோனிய மொழியில் தேர்வு எழுதி, மனுப் போட்டு, உறுதிமொழி எடுத்துக்கொண்டு வரட்டும் என்றார்கள். "பொறந்த வீட்டுக்குள்ள நுழையறதுக்கு மனுவா?" என்று கேட்டுவிட்டு மின் நிலையத்தில் தன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார் வதீம். சரி, அக்கரைக்காரனிடமாவது கேள் என்றார்கள். "அவன்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? நான் அங்க ஒரு நாள்கூட இருந்ததில்லையே" என்றார். இரண்டு பக்கமும் கை நீட்டாமல் நடுவில் நின்றுவிட்டார். இதை அவர் தன்மானம் என்று சொல்லிக்கொள்வார். வீம்பு என்று சொன்னாலும் தப்பில்லை. தேர்வுக்குப் பயந்ததும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

சாம்பல்காரர்களுக்கு நாடாளுமன்றத்துக்கு ஓட்டு கிடையாது, நகரசபைக்கு மட்டும் உண்டு. "பாதி ஓட்டு எனக்கு எதுக்கு?" என்று ஒரு தடவைகூட அவர் போகவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு தேடி வரும் அறிவிப்புக் காகிதத்தில் உலர்ந்த மீனைச் சுற்றி வைப்பார்.

ரிம்மாவின் கதை வேறு. அவள் அம்மா அக்கரையில் இவான்கோரத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பாலத்தைத் தாண்டினால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதிச் சீட்டு, வரிசை, கெஞ்சல். தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்ச் சிவப்பு பாஸ்போர்ட் வாங்கி வந்துவிட்டாள். தேசபக்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அம்மாவுக்குத் துணி மாற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான். அம்மா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட் மட்டும் பாக்கி.

ஆனால் நகரசபைத் தேர்தல் என்றால் அவளுக்குத் திருவிழா. நீலக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு, காலையில் முதல் ஆளாகப் போவாள். எட்டு தேர்தல், எட்டிலும் போட்டாள். அவள் போட்ட ஆட்களில் ஒருத்தரைப் பற்றிக்கூட நல்ல வார்த்தை சொல்ல முடியாது என்பதும் உண்மை. இந்த வருஷம் மார்ச் மாதத்தில் சட்டத்தை மாற்றினார்கள். அக்கரையில் இருந்துகொண்டு போர் நடத்துகிறவனின் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் இங்கே ஓட்டுப் போடக் கூடாது. சாம்பல்காரர்கள் இந்தத் தடவை போட்டுவிட்டு அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

"நான் போர் நடத்தினேனா?" என்று ரிம்மா அன்றைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். பெட்டி பதில் சொல்லவில்லை.

இந்தத் தேர்தலில் ஃபாயினா நிற்கிறாள் என்பதுதான் ரிம்மாவைப் படுத்திய விஷயம். ஃபாயினா தறிக்கூடத்தில் இவளுக்கு அடுத்த வரிசையில் நின்றவள். மற்ற வேட்பாளர்கள் பாதுகாப்பு, ஐரோப்பா, எதிர்காலம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஃபாயினாவின் துண்டுச் சீட்டில் ஒரே வாக்குறுதி: ஊர்க்கோடிக் கல்லறைத் தோட்டத்துப் பஸ் நிறுத்தத்தில் ஒரு கூரை, ஒரு பெஞ்சு. 

"பெஞ்சுக்காக ஒரு கட்சியா?" என்று வதீம் சிரித்தார்.

"சிரி, சிரி. சனிக்கிழமை சனிக்கிழமை உங்கம்மா கல்லறைக்குக் களை பிடுங்கப் போறது யாரு? நீயா? நாப்பது நிமிஷம் மழையில நிக்கிறது என் முட்டி. உன் முட்டி இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அப்படியும் போகிறேன் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் படுக்கையறைப் பக்கம் போனபோது ரிம்மா நீலக் கோட்டை மேசைமேல் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரை, கை மடிப்பை, பொத்தான் வரிசையை எல்லாம் பொறுமையாகத் தேய்த்தாள். பிறகு ஒரு நிமிஷம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போட்டுக்கொண்டு போவது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்ப அலமாரியில் மாட்டிக் கதவைச் சாத்தினாள். அவரைப் பார்க்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அவள் சத்தம் போட்டால் அவர் தாங்கிக்கொள்வார், நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம். சத்தமே போடாததுதான் அவருக்கு நெஞ்சில் என்னவோ செய்தது.

"எண் என்ன?" என்றார்.

"எந்த எண்?"

"உன் பெஞ்சுக்காரியோட எண்ணுதான்."

"முந்நூத்தி நாப்பத்தேழு" என்றாள் ரிம்மா. மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும்.

எஸ்தோனியாவில் ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் எண்ணை நம் கையால்தான் எழுத வேண்டும். சீட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், எண் அதற்குள் விழ வேண்டும். வதீமுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு அடுத்த வருஷம் மார்ச் மாதம் நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் உலகம் அவருக்குப் பால் ஊற்றின தேநீர் மாதிரிதான். எதையும் வாசிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார், கைப்பிடி உடைந்து இன்சுலேஷன் டேப் சுற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு புதன்கிழமை முழுக்கப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் 347 எழுதிப் பழகினார்கள். ரிம்மா கட்டம் போட்டுக் கொடுத்தாள், அவர் எழுதினார்.

"நாலு வெளியே போகுது பாரு. ஸ்கூல்ல என்னதான் படிச்சே?"

"ஸ்பானர் பிடிச்ச கைடி. கட்டத்தை நட்டுபோல்ட்டு வச்சு இறுக்கிக் குடு, நேரா எழுதறேன்."

"இறுக்கறதுக்கு உன் வாயைத்தான் இறுக்கணும். இன்னொண்ணு எழுது."

கடைசியில் கண்ணாடியோடு எழுதினால் பத்துக்குப் பத்தும் கட்டத்துக்குள் விழுந்தது. ரிம்மாவின் முகத்தில் மார்ச் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வியாழக்கிழமை காலை கிளம்பினார்கள். ரிம்மா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள், உதட்டுக்கும் பூசிக்கொண்டாள். "உனக்குத்தான் ஓட்டு இல்லையே, யாருக்கு இந்த அலங்காரம்?" என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. கேட்காமல் விட்டார். வாசலில் செருப்புப் பெட்டிமேல் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தார்கள். பயணத்துக்கு முன்னால் அப்படி உட்காராவிட்டால் காரியம் உருப்படாது. ரிம்மா இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஐந்து மாடியும் இறங்கினார்கள். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

கீழ்க்கதவைத் திறந்ததும் வதீம் சட்டைப் பையைத் தடவினார். கோட்டுப் பையைத் தடவினார். நின்றுவிட்டார்.

"கண்ணாடி வீட்டுல மேசையிலயே இருக்கு."

ரிம்மா அவரை வாயில்லாத மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அறிவிருக்கா உனக்கு?"

"போய் எடுத்துட்டு வர்றேன், நில்லு."

"போகாதே!" அந்தச் சத்தத்துக்கு வாசலில் இருந்த புறாக்கள் பறந்தன. "வெளியே காலை வச்சாச்சு. வச்ச காலைத் திருப்பினா விளங்காது."

"திரும்பிப் போனா சுவர்க் கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துட்டு வந்தா சரியாயிடும்னு நீதானே சொல்லுவே? பாத்துட்டு வர்றேன்."

"உன் மூஞ்சி உனக்குத் தெரியுமா இப்போ? தெரியாத மூஞ்சியைப் பாத்தா அது கணக்குல வருமா?"

அதில் நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது. அதைவிட, ஐந்து மாடியும் மறுபடி ஏறி இறங்குவதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது. ரிம்மாவை ஏறச் சொல்ல மனசு வரவில்லை. நேற்று முழுக்கப் பழகியாயிற்று, கை பழகிவிட்டது, கண் எதற்கு என்றாள் அவள். சரி என்றார் அவர். ஒரு நாடே வந்து மனுப் போடு என்று கேட்டபோது அசையாத மனுஷன், பெண்டாட்டியின் சகுனத்துக்கு அசைந்துகொடுத்தார்.

கலாசார மன்றத்துக் கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. தரை பளபளவென்றிருந்தது, அவருக்கு அது தண்ணீர் தேங்கிக் கிடப்பதுபோலத் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண். எஸ்தோனியப் பெண், ஆனால் ரஷ்ய மொழியை ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். அடையாள அட்டையை வாங்கிப் பட்டியலில் தேடினாள். அவள் தேடிய அந்த நேரத்தில், பெயர் இருக்காது என்று வதீம் நினைத்தார். இருக்காது என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

"இருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க."

இருந்தது. அவ்வளவு வருஷமும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் சும்மா உட்கார்ந்திருந்தது என்பது அவருக்கு என்னவோபோல் இருந்தது. கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கொடுத்தாள். ரிம்மா அவர் கையைப் பிடித்து மறைப்புத்தட்டிப் பக்கம் நடத்தினாள்.

"அம்மா, நீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"இவருக்குக் கண்ணு தெரியாது. நான் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"உங்க அட்டையைக் காட்டுங்க." பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மன்னிக்கணும். முடியாதவங்களுக்கு வேற ஒருத்தர் எழுதிக் குடுக்கலாம், ஆனா அந்த ஒருத்தரும் ஓட்டு உள்ளவரா இருக்கணும். சட்டம் அப்படி. உங்களுக்கு இந்தத் தடவை..."

"தெரியும்" என்றாள் ரிம்மா.

"நான் எழுதிக் குடுக்கட்டுமா? இல்ல, வரிசையில இருக்கிறவங்க யாராவது..."

பின்னால் இருமல் கேட்டது. அந்த இருமலை வதீமுக்குக் கண் தேவையில்லாமலே தெரியும். மூன்றாம் மாடி யெஃபிம். தொண்ணூற்று எட்டில் யெஃபிம் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் பண்ணி, அர்த்தம் தெரியாமலே ஒப்பித்து, தேர்வில் தேறிக் குடிமகன் ஆனார். அன்று சாயங்காலம் ஒரு கேக்கையும் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தார். "உன்னை என்ன விலைக்கு வாங்கினாங்க?" என்று கேட்டார் வதீம். வெட்டின கேக்கை அப்படியே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார் யெஃபிம். இருபத்தேழு வருஷம். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை கிடையாது.

"மேல்வீட்டுக்காரரே," என்றார் யெஃபிம், "குடுங்க, எழுதித் தர்றேன். எண்ணைச் சொல்லுங்க, அவ்வளவுதான். விலை ஒண்ணும் கேக்கமாட்டேன்."

கேலியா, சமாதானமா என்று வதீமுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரிம்மா அவர் முழங்கையை அழுத்தினாள், சொல்லு, சொல்லு என்று. ஆனால் இத்தனை வருஷமும் யாரிடமும் கேட்காமல் இருந்த வாய், கடைசித் தடவை என்பதற்காகத் திறக்குமா? அதுவும் இந்த ஆளிடம்.

"என் கை நல்லாத்தான் இருக்கு" என்றார் வதீம். தனியாகத் தட்டிக்குப் பின்னால் போனார்.

உள்ளே எல்லாமே வெள்ளை. தட்டி வெள்ளை, மேசை வெள்ளை, சீட்டு வெள்ளை. சீட்டு எங்கே முடிந்து மேசை எங்கே தொடங்குகிறது என்பதையே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நூலில் கட்டின பேனா ஒன்று தொங்கியது, மெல்லிசு முனை. வீட்டில் பழகியது தடித்த கறுப்புப் பேனாவில். மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்தார். நடுவில் மங்கலாக ஏதோ கோடு மாதிரி இருந்தது. கட்டத்தின் மேல்கோடா கீழ்க்கோடா? அச்சடித்த வரி ஏதாவதா?

"நடுவுல எழுது! நடுவுல!" என்று கதவுப் பக்கத்திலிருந்து ரிம்மாவின் குரல் வந்தது. கூடமே சிரித்தது. எண்ணைக் கத்தாமல் விட்டாளே என்று அவருக்கு நிம்மதி.

மூன்று எழுதினார். நாலு எழுதினார். ஏழு எழுதினார். மை வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. வெளியே போய் அந்தப் பெண்ணிடம் காட்டிக் கேட்கலாம். யெஃபிம் அங்கேதான் நிற்பார். வதீம் சீட்டை மடித்தார். அந்தப் பெண் அதன் முதுகில் முத்திரை குத்தினாள். பெட்டியின் வாயையும் அவளே கையைப் பிடித்துக் காட்டினாள். சீட்டு உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வெளியே ரிம்மா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்துதா? கட்டத்துக்குள்ள?"

"நடுவுல" என்றார் வதீம். "அச்சடிச்ச மாதிரி."

அவள் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், நடுத்தெருவில். பிறகு கைக்குட்டையை எடுத்து உதட்டுச் சாயத்தை அவர் கன்னத்திலிருந்து துடைத்தாள். அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது, குளிர்காற்றின்மேல் பழியைப் போட்டார்.

சனிக்கிழமை ரிம்மா கல்லறைக்குப் போயிருந்தாள். வதீம் முதுகு வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டார். அவள் காலடிச் சத்தம் கீழே இறங்கி மறைந்ததும் காலண்டர் தாளை எடுத்தார். உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டு மெல்லிசான பேனாவால் பத்துக் கட்டம் போட்டார். கண்ணாடியைத் தள்ளி வைத்தார். பத்திலும் 347 எழுதினார், சாவடியில் எழுதின மாதிரியே, கோட்டைக் கண்ணால் தேடி, கிடைக்காமல், குத்துமதிப்பாக. பிறகு கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒன்றில் மூன்றின்மேலேயே நாலு ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்றில் ஏழு கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருந்தது. ஒன்றில் மூன்று எண்ணும் ஒற்றுமையாகக் கட்டத்துக்கு வெளியே நின்றன. எண்ணினார். பத்தில் நாலு தேறியது, அதுவும் ஒன்றுக்குத் தாராள மனசு வேண்டும்.

தாளை நாலாகக் கிழித்துக் குப்பை வாளியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் அமுக்கினார். அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். பாதி ஓட்டு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டவருக்கு இப்போது அந்தப் பாதியிலும் பாதிகூட நிச்சயமில்லை. தன்னுடையது போனால் போகட்டும், தனக்கு அது பழக்கம்தான். ரிம்மாவுடையதையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோமே என்பதுதான் தாங்கவில்லை. தன் வீம்பின்மேலேயே அவருக்கு அன்றைக்கு அலுப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை ரிம்மா ரொட்டி வாங்கப் போனவள் வர நேரமானது. படியில் அவள் ஏறி வருகிற மூச்சுச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடியில் நின்று பேசுகிற சத்தமும் கேட்டது. வந்தாள். ரொட்டியை மேசையில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"முடிவு வந்துடுச்சு. யெஃபிம் போன்ல பாத்துச் சொன்னார்."

"என்னவாம்?"

"ஃபாயினா தேறலை. ஐம்பத்தெட்டு ஓட்டுதான்."

"பெஞ்சு போச்சா."

"போச்சு." அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "யெஃபிமும் அவளுக்குத்தான் போட்டாராம். அவரு மனைவி கல்லறையும் அங்கதானே இருக்கு. நாலு வருஷமா அவரும் அதே நிறுத்தத்துலதான் நிக்கிறார்."

அப்படியானால் அன்றைக்கு அந்த ஆள் கையில் சீட்டைக் கொடுத்திருந்தாலும் அதே எண்ணைத்தான் எழுதியிருப்பார். சந்தோஷமாக எழுதியிருப்பார். வதீம் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"ஐம்பத்தெட்டுல ஒண்ணு என்னோடது" என்றாள் ரிம்மா.

இதற்கு மேல் அவரால் முடியவில்லை. "ரிம்மா, அன்னிக்கு அந்தத் தட்டிக்குப் பின்னால..."

"சும்மா இரு."

"இல்ல, நான் உன்கிட்ட..."

"சும்மா இருன்னா இரு, கிழவா. இந்த வீட்டுக் குப்பையை யாரு கொட்டறா? நேத்து வாளியைக் கவுத்தப்போ நாலு துண்டாக் கெடந்துது. உருளைக்கிழங்குத் தோலு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தொடச்சு, சேத்து வச்சுப் பாத்தேன்." கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "பத்துல நாலு உள்ள இருக்கு."

"ஆறு வெளியே இருக்கு, ரிம்மா."

"நாலு உள்ள இருக்கு" என்றாள் அவள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மூன்றாம் மாடிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "இத்தனை வருஷத்துல நமக்கு யாரு பத்துல நாலு குடுத்தாங்க? எனக்கு அது போதும். அதையும் நீ பேசிப் பேசிக் கெடுத்துடாதே."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். மாட்டிய பிறகு கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு அங்கிருந்தே கத்தினாள், பழைய சத்தம் திரும்பி வந்திருந்தது:

"அந்த மடக்கு ஸ்டூல் எங்க? உறைஞ்ச ஆத்து ஐஸ்ல மீன் பிடிக்கப் போறப்போ உக்காருவியே, அது. சனிக்கிழமை பஸ் நிறுத்தத்துக்கு எடுத்துட்டுப் போகணும்."

"பரண்ல இருக்கும்."

"யெஃபிமும் வர்றேன்னார். நீயும் வர்றே. உன் முதுகுவலியெல்லாம் எனக்குத் தெரியும்."

பரணில் இரண்டு ஸ்டூல் இருந்தது வதீமுக்கு ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, கண் தெரியாமல் கையால் துழாவி இரண்டையும் இறக்கினார்.